தளர்நடைக் குழந்தையும் நம் இல்லமும்

மழலையின் இனிமையைப் போற்றாத புலவர் தமிழில் அரியர். திருவள்ளுவர் மக்கட்பேற்றுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களோ குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடினர். குழந்தை கை கொட்டி விளையாடுவது சப்பாணிப் பருவம். தளர்நடை நடந்து வருமாறு அழைப்பது வருகைப் பருவம். நிலவை விளையாட அழைப்பது அம்புலிப் பருவம். வகுப்பில் படிக்கும்போது இவை யாவும் இனிக்கின்றன. ஆனால், மறுநாள் தேர்வு என்றிருக்க, நம் கணக்குப் புத்தகத்தின் தாளைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டு தம்பி சிரிக்கும்போது அந்த இனிமை நினைவுக்கு வருவதில்லை!

மேல்நிலை வகுப்பில் மனையியல் பயிலும் எங்களில் பலருடைய வீடுகளில், ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தை ஒன்று உண்டு. தம்பி, தங்கை, அக்காளின் மகள், பக்கத்து வீட்டுச் செல்லம் என்று உறவு வேறுபடலாம். படும் பாடு ஒன்றுதான். பாடத்தில் கற்றதையும் வீட்டில் கண்டதையும் சேர்த்துப் பார்த்தபோது எங்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. நாம் குறும்பு என்று சொல்வது உண்மையில் அக்குழந்தையின் படிப்பு. அப்படிப்பைக் கெடுக்காமலும், அதனால் குழந்தைக்குத் தீங்கு நேராமலும் பார்த்துக்கொள்வது வீட்டார் அனைவருடைய கடமை.

நடையும் கையும்

குழந்தைகள் பெரும்பாலும் ஓராண்டு நிறைவையொட்டித் தனியே நடக்கத் தொடங்குகின்றன. எட்டு மாதம் கடந்ததும் நடப்பதும் உண்டு. 17 மாதம் வரை பொறுத்து நடப்பதும் உண்டு. இரண்டுமே இயல்பு என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகள் காட்டுகின்றன. ஆகவே, “எதிர்வீட்டுக் குழந்தை ஓடுகிறது, நம் குழந்தை இன்னும் நிற்கவில்லையே” என்று ஏங்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் தந்த மர நடைவண்டியைக் குழந்தை தானே நின்று தள்ளும். ஆனால், இருக்கையில் உட்காரவைத்து உருளவிடும் பிளாஸ்டிக் நடைவண்டியோ படியில் உருண்டு கவிழக்கூடியது. கனடா நாடு 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது.

நடக்கக் கற்றதும் கைகள் இரண்டும் விடுதலை பெறுகின்றன. அப்புறம் கேட்பானேன்! அஞ்சறைப் பெட்டி கவிழும், அரிசி இறையும், கரண்டி பத்து முறை கீழே விழும். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) தம் மூன்று குழந்தைகளையும் நாள்தோறும் கூர்ந்து நோக்கிக் குறிப்பெழுதினார். ஒரு வயது கடந்த குழந்தை, ஒரே பொருளை வெவ்வேறு உயரத்திலிருந்தும் வெவ்வேறு பக்கத்திலும் போட்டுப் பார்த்து, என்ன நேர்கிறது என்று ஆராய்வதை அவர் கண்டார். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதும் அதுதானே?

இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோமாபுரியில் தம் முதல் ‘குழந்தைகள் இல்லத்தை’த் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். குழந்தை தன் கையால் செய்தே கற்கிறது என்பதும், அதன் உயரத்துக்கும் கைக்கும் ஏற்ற பொருள்களை அதற்குத் தரவேண்டும் என்பதும் அவர் கொள்கை. இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. அடுக்களையின் அடித்தட்டு ஒன்றைக் குழந்தைக்கென ஒதுக்கி, ஆழாக்கு, மரக்கரண்டி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஆகியவற்றை அதில் வைக்கலாம். அம்மா கீரை ஆயும்போது ஒரு கொத்தைக் குழந்தையிடமும் கொடுக்கலாம். அது ஆயாது, பிய்த்துப் போடும். ஆனாலும் ‘நானும் வேலை செய்கிறேன்’ என்ற பெருமிதம் அதன் முகத்தில் மலரும்.

உணவும் உறக்கமும்

“போன வருஷம் நன்றாகச் சாப்பிட்டான், இப்போது வாயே திறப்பதில்லை” என்பது தாய்மார் பலருடைய முறையீடு. இதற்குக் காரணம் உண்டு. பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை, முதலாண்டின் முடிவில் ஏறத்தாழ 9 கிலோ ஆகிறது. அதாவது எடை மும்மடங்காகிறது. இரண்டாம் ஆண்டிலோ இரண்டு, இரண்டரைக் கிலோதான் கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயல்பன்றோ? வயிறு சிறிது, ஆதலால் சிறிது சிறிதாக, பலமுறை ஊட்ட வேண்டும். குழைந்த பருப்புச் சாதம், இட்லி, கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், வேகவைத்த முட்டை ஆகியவை போதும். தாய்ப்பாலையும் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம்.

செல்பேசியைக் காட்டிச் சோறூட்டும் வழக்கம் இன்று பல வீடுகளில் காணப்படுகிறது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பதும், அதற்கு மேல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்பதும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் கூறிய அறிவுரை. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் உறக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்றும் அது கூறுகிறது. மாலையில் காரணமின்றி அழும் குழந்தை பல வேளைகளில் தூக்கத்துக்கே அழுகிறது.

மழலையும் பிடிவாதமும்

மம்மு, இங்கா, உவ்வா என்று தொடங்கும் பேச்சு, இரண்டு வயதளவில் “அக்கா வா”, “தண்ணி வேணும்” என்று இரு சொற்களாகக் கூடுகிறது. பேசும் சொற்களைவிடக் குழந்தை புரிந்துகொள்ளும் சொற்கள் மிகுதி. ‘ழ’கரமும் ‘ற’கரமும் நாவில் வரக் காலமாகும். “பயம் வேணும்” என்று குழந்தை கேட்டால் அதற்குப் பசிக்கிறது. அச்சம் வேண்டுமென்று கேட்கவில்லை! சிரித்துக் கேலி செய்யாமல், “பழம் வேண்டுமா? இந்தா பழம்” என்று நாம் திருத்தமாகச் சொன்னால் போதும்; காது கேட்கக் கேட்க நா பழகிவிடும்.

இதே பருவத்தில்தான் “மாட்டேன்”, “வேணாம்” என்ற சொற்களும் பிறக்கின்றன. ஆசை பெரிது, அதைச் சொல்லும் சொல் சிறிது. சினத்தை அடக்கும் ஆற்றலோ இனிமேல்தான் வளர வேண்டும். தரையில் புரண்டு அழுவது இதனால்தான். நம்மை வெல்ல வேண்டும் என்பதற்காக அன்று. “சட்டை போட்டுக்கொள்” என்று ஆணையிடுவதைவிட, “நீலச் சட்டையா, மஞ்சள் சட்டையா?” என்று கேட்டால் பாதிப் போராட்டம் குறையும். பூச்சாண்டியையும் போலீஸ்காரரையும் சொல்லி மிரட்டுதல் ஆகாது. “டாக்டர் ஊசி போட்டுவிடுவார்” என்று நாள்தோறும் பயமுறுத்தினால், காய்ச்சலின்போது டாக்டரைக் கண்டதும் குழந்தை அலறாமல் என்ன செய்யும்? அடித்துத் திருத்துவோம் என்பாரும் உளர். அடிபட்ட குழந்தை கற்பது அடிப்பதைத்தான்.

கண்ணும் காவலும்

இனி, மிக இன்றியமையாத செய்திக்கு வருவோம். இவ்வயதுக் குழந்தைக்கு உடலை நோக்கத் தலை கனமானது. நீருள்ள வாளியை எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானே எழ இயலாது. முழங்கையளவு நீரும் வேண்டியதில்லை. சில அங்குலமே உயிரைப் பறிக்கும். சத்தமும் கேட்காது. ஆகவே, குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவைப்பதும், தொட்டியையும் அண்டாவையும் மூடிவைப்பதும் அன்றாடப் பழக்கமாக வேண்டும்.

வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழக் கொட்டை, பலூன் துண்டு ஆகியவை மூச்சுக்குழலில் சிக்கும். பொத்தான் போன்ற சிறு பேட்டரியை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழல் வெந்துவிடக்கூடும். மண்ணெண்ணெய், பினாயில், கழிவறை கழுவும் அமிலம் ஆகியவற்றைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைப்பது பெருந்தவறு. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. அது நுரையீரலுக்குள் சென்று மேலும் கேடு செய்யும். 108ஐ அழைத்து, அப்புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கொதிக்கும் கஞ்சியையும் சாம்பாரையும் தரையில் இறக்கிவைத்தல் கூடாது. சுட்டுவிட்டால், பேனா மையோ பற்பசையோ பூசாமல், குழாய்நீரை 20 நிமிடம் புண்மேல் ஓடவிட்டு, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விசேஷ நாளில் வீடு நிறைய உறவினர் இருக்கும்போது, “அத்தை பார்த்துக்கொள்வாள்” என்று அம்மா நினைப்பாள். “அம்மாவிடம் இருக்கிறான்” என்று அத்தை நினைப்பாள். எல்லோரும் பார்ப்பதாக எண்ணும் குழந்தையை ஒருவரும் பார்ப்பதில்லை. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. குழந்தையைக் கைமாற்றும்போது வாய்திறந்து சொல்லுதல்: “அத்தை, தம்பியை நீங்கள் பாருங்கள், நான் அடுக்களைக்குப் போகிறேன்.” “சரி, நான் பார்க்கிறேன்” என்ற பதில் வரும்வரை நாம் நகரக் கூடாது.

இக்காவல் அம்மாவுக்கும் அக்காளுக்கும் மட்டும் உரியதன்று. பெண் குழந்தை படிப்பை நிறுத்தித் தம்பியைத் தூக்கிச் சுமந்த காலம் நம் பாட்டிமாரோடு போகட்டும். அப்பா ஊட்டினாலும் குழந்தை உண்ணும்; அண்ணன் தாலாட்டினாலும் உறங்கும். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பகிர்ந்துகொண்டால் அம்மாவுக்கு ஓய்வு. நமக்குப் பாடம் படிக்க நேரம். குழந்தைக்கோ ஒன்றுக்கு நான்காய் ஆசிரியர்கள்!

எனவே, தோழியரே, புத்தகத்தை உயரத்தில் வைப்போம், வாளியைக் கவிழ்ப்போம், கரண்டி பத்தாம் முறை விழும்போது பதினோராம் முறையும் எடுத்துக் கொடுப்போம். இன்று நம் வீட்டில் தத்தித் தத்தி வரும் அந்தச் சின்னஞ்சிறு மாணவருக்கு நாமே முதற்பள்ளி அல்லவா?