ஆர்ச்சி தட்டிய கதவுகள்

இந்தக் கிழமை எபிசோட்டில் சொக்கெட் புரோகிராமிங் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் விட்ட ஒரு கதை இருக்கு, அதுவும் எங்கட ஊர்க் கதை. இன்டர்நெட்டின் முதல் தேடுபொறி என்று சொல்லப்படுகிற ஆர்ச்சி, மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் பிறந்தது.

அலன் எம்டேஜ் பார்படோஸ் தீவில் இருந்து இங்கே படிக்க வந்தவர். மக்கிலில் மேற்படிப்புப் படித்துக்கொண்டே கணினிப் பிரிவின் சிஸ்டம் அட்மினாகவும் இருந்தார். மென்பொருள் வாங்கக் காசு இல்லை, இலவசமாகக் கிடைக்கிறதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவையோ உலகம் முழுக்க எஃப்.ரி.பி சேர்வர்களில் சிதறிக் கிடந்தன. எது எங்கே இருக்கு என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கப் பஞ்சிப்பட்ட மனுசன், அந்த வேலையை ஸ்கிரிப்ட்டிடம் கொடுத்தார். பில் ஹீலன், பீட்டர் டொய்ச் இருவரும் சேர, 1990இல் அது எல்லாருக்கும் திறந்தது. பெயர் காமிக்ஸில் இருந்து வரவில்லை. 'ஆர்க்கைவ்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'வி' எழுத்தை எடுத்துவிட்டால் வருகிற பெயர்தான்.

உள்ளே நடந்தது, நீங்கள் எபிசோட்டில் கேட்ட அதே விஷயம். புரோகிராம் ஒரு சொக்கெட் திறக்கும், தூரத்துச் சேர்வரின் 21ஆம் போர்ட்டுக்கு கனெக்ட் பண்ணும், ஃபைல் பட்டியலைக் கேட்கும். எஃப்.ரி.பியில் ஒரு விசித்திரம்: பட்டியல் அதே இணைப்பில் வராது. அந்தக் காலத்து முறைப்படி, கேட்டவர் தன் பக்கம் இன்னொரு போர்ட்டில் காத்திருக்க, சேர்வர்தான் திரும்பிக் கூப்பிடும். இன்றைக்கு உங்கட வீட்டு ரௌட்டர் அதை விடாது. அதனால்தான் பிறகு 'பாசிவ்' முறை வழக்கமானது. வந்த பட்டியல்களை ஃபைலில் போட்டு, யுனிக்ஸின் கிரெப் கட்டளையால் தேடினார்கள். அவ்வளவுதான்!

எனக்குப் பிடித்தது வேறொன்று. ஆர்ச்சி ஒரு சேர்வரைக் கிட்டத்தட்ட மாதத்துக்கு ஒரு தடவைதான் தட்டியது. மற்றவனின் மெஷினை வீணாக்கக் கூடாது என்ற கணக்கு. ஒவ்வொரு இணைப்பும் மறுபக்கத்தில் மெமரியைத் தின்னும், ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டரைப் பிடிக்கும். லினக்ஸில் ஒரு புரோசஸுக்கு வழக்கமாக 1024தான். நீங்கள் பைத்தனில் ஒரு லூப் போட்டு ஆயிரம் சொக்கெட்டைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டால், ஒரு சின்னச் சேர்வர் புது ஆட்களை உள்ளே எடுக்க முடியாமல் நிற்கும். இப்போது ஏ.ஐக்காக வெப்பை வாரி அள்ளுகிற பொட்களில் பல இதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை.

எம்டேஜும் டொய்ச்சும் 1992இல் பனியிப் என்று இங்கேயே கம்பனி தொடங்கினார்கள். தேடல் முறைக்கு அவர்கள் பேட்டன்ட் எடுக்கவில்லை. 2017இல் எம்டேஜை இன்டர்நெட் ஹோல் ஒஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

கொன்ட்ராக்ட் வேலையில் புதுக் கோட் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுறது மூன்று: டைம்அவுட் இருக்கா, சொக்கெட்டை மூடுதா, திரும்பத் தட்ட முதல் கொஞ்சம் பொறுக்குதா. உங்கட கோட்டில் எப்படி என்று ஒருக்கா பார்த்துவிட்டு எழுதுங்கோ, அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம்.