மருந்து தரும் கடற்பஞ்சுக்கு எண்ணூரில் இடம் உண்டா?

ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் சைட்டராபின் மருந்துக்கு வழிகாட்டியது ஒரு கடற்பஞ்சு. 1950களின் தொடக்கத்தில், ஃப்ளோரிடா கடலோரத்தில் எடுத்த கடற்பஞ்சை ஆராய்ந்த வேதியியலாளர் வெர்னர் பெர்க்மன், அதில் விநோதமான சில மூலக்கூறுகளைக் கண்டார். டிஎன்ஏவின் அடிப்படை அலகுகளைப் போலவே இருந்தாலும், அவற்றின் சர்க்கரைப் பகுதி வேறாக இருந்தது. அந்த அமைப்பைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவானதுதான் சைட்டராபின். புற்றுச் செல் இதை அசல் என்று எண்ணி எடுத்துக்கொள்ளும். உடனே டிஎன்ஏவைப் படியெடுக்கும் வேலை தடைப்படும். 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, இன்று இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது.

இந்த உயிரியைப் பண்ணையில் வளர்க்க முடியுமா? ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைக் கடலோரத்துக்கு அதில் பங்கு உண்டா?

உடலே ஒரு வடிகட்டி

கடற்பஞ்சு ஒரு விலங்கு. வாய், இதயம், நரம்பு எதுவும் அதற்கு இல்லை. உடலெங்கும் உள்ள நுண்துளைகள் வழியாக நீரை இழுத்து, உணவை வடித்துக்கொண்டு வெளியேற்றும். ஒரு கிலோ கடற்பஞ்சு ஒரே நாளில் பல ஆயிரம் லிட்டர் நீரை இப்படி வடிக்கும்.

ஒட்டிய பாறையை விட்டு நகர முடியாததால், தின்ன வரும் மீன்களிடமிருந்தும் இடம் பிடிக்க வரும் உயிரிகளிடமிருந்தும் ரசாயனத்தால்தான் அது தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்த ரசாயனங்களில் பலவற்றைத் தயாரிப்பவை அதனுள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்கள். சில இனங்களில் உடல் பருமனில் 40 சதவீதம் வரை நுண்ணுயிர்களே.

பண்ணை எதற்கு?

மருந்துச் சத்து மிகக் குறைவாகவே கிடைக்கும் என்பதுதான் சிக்கல். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980களில் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து பிரித்தெடுத்த, புற்றுச் செல்லைத் தாக்கும் ஹாலிகான்ட்ரின் பி என்ற மூலக்கூறு வெறும் 12.5 மில்லிகிராம். கடலில் இருப்பதையெல்லாம் அள்ளினாலும் நோயாளிகளுக்குப் போதாது. அள்ளினால் இனமே அழியும்.

அதனால்தான் நியூசிலாந்தில் அதே மூலக்கூறைத் தரும் வேறொரு கடற்பஞ்சைக் கடலிலேயே வளர்த்துப் பார்த்தார்கள். வெட்டிய துண்டு மீண்டும் முழு உயிரியாக வளரும் என்பதால் பதியன் போடுவதுபோல இதைப் பெருக்கலாம். சான்சிபார் தீவின் ஜாம்பியானி கிராமத்துப் பெண்கள், குளியல் பஞ்சுக்காக இப்படித் துண்டுகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் வளர்க்கிறார்கள்.

ஆனால் ஹாலிகான்ட்ரினைப் பொறுத்தவரை பண்ணையை வேதியியல் முந்திக்கொண்டது. ஹார்வர்டின் யோஷிட்டோ கிஷி குழு 1992இல் அந்த மூலக்கூறை முழுமையாகச் செயற்கையில் உருவாக்கியது. அந்த வழியில் பிறந்த எரிபுலின், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தாக 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பண்ணைக்கு உள்ள வேலை, புதிய சத்துகளைக் கண்டறிந்து சோதிக்கத் தேவையான கடற்பஞ்சை இயற்கையைச் சூறையாடாமல் தருவது; செயற்கையில் செய்ய முடியாத சத்துகளுக்கு மூலப்பொருளாக இருப்பது.

தமிழகத்தின் கையிருப்பு

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் சுமார் 275 கடற்பஞ்சு இனங்கள் பதிவாகியுள்ளன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பி.ஏ.தாமஸ் இவற்றை வகைப்படுத்துவதில் நெடுங்காலம் உழைத்தவர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்காவில் கடற்பஞ்சை எடுக்க முடியாது. வளர்ப்பே முறையான வழி.

மிதவையிலும் கயிற்றிலும் பாசி வளர்த்த அனுபவம் மண்டபம் பகுதிப் பெண்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்த அனுபவத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அங்கே வளர்க்கக் கொண்டுவந்த அயல்நாட்டுப் பாசி குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் படர்ந்தது. கடற்பஞ்சில் உள்ளூர் இனங்களையே வளர்க்க வேண்டும்.

எண்ணூரின் நிலை

நீரில் இருப்பதையெல்லாம் வடித்து உடலில் சேர்க்கும் உயிரி, ஈயத்தையும் காட்மியத்தையும்கூடச் சேர்த்துக்கொள்ளும். எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தை அடைந்தது. இந்த நீரில் வளரும் கடற்பஞ்சு மருந்து ஆய்வுக்கு உதவாது.

அப்படியானால் நீரைச் சுத்தம் செய்யவாவது வளர்க்கலாமே? இத்தாலியின் தாரந்தோ வளைகுடாவில் மீன் பண்ணைக் கழிவை வடிக்கக் கடற்பஞ்சைப் பாசி, மட்டியோடு சேர்த்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பாக்டீரியாவையும் மட்கும் கழிவையும் அது குறைக்கும். உலோகம் அழியாது; கடற்பஞ்சின் உடலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். ஆலைகள் செய்ய வேண்டிய சுத்திகரிப்பைக் கடற்பஞ்சின் தலையில் கட்ட முடியாது.

எனவே எண்ணூருக்கான திட்டம் கரையில் தொடங்க வேண்டும்: சாம்பலை அகற்றுவது, சுத்திகரிக்காத கழிவுநீரை நிறுத்துவது, நீரிலும் வண்டலிலும் உள்ள உலோக அளவை மாதந்தோறும் சோதித்து மீனவக் கிராமங்களுக்கு அறிவிப்பது. அந்த அளவுகள் பாதுகாப்பான எல்லைக்குள் வந்தால் சோதனைப் பண்ணை பற்றிப் பேசலாம். பண்ணை வராமலே போனாலும், இறாலும் நண்டும் பிடித்து வாழும் எண்ணூர்க் காட்டுக்குப்பத்து மீனவர்களுக்கு நல்ல நீர் உரிமையாகக் கிடைக்க வேண்டியதே.