பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்

காலை ஏழு மணிக்கு மேட்டுப்பாளையம் நடைமேடையில் நின்றுகொண்டு நண்பன் கேட்டான்: "எஞ்சினை வால் பக்கம் மாட்டி வச்சிருக்காங்களேடா, திருப்ப மறந்துட்டாங்களா?"

குன்னூருக்குப் போய் அன்றே திரும்புவது என்று நான்கு பேர் கிளம்பியிருந்தோம். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நீலகிரி மலை ரயிலுக்கோ மூன்று மணி நேரம் போதாது. ஜன்னலோர இடத்துக்கு மற்ற மூவரும் சண்டை போட, நான் எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டேன். இந்த ரயிலில் தேயிலைத் தோட்டத்தைவிடச் சுவாரசியமானது அதுதான் என்பது என் கட்சி.

திருப்ப யாரும் மறக்கவில்லை. மலை ஏறும்போது எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். முன்னால் நின்று இழுத்தால், ஓர் இணைப்புக் கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் கீழ்நோக்கி ஓடிவிடும். கீழிருந்து தள்ளினால் அவை எஞ்சின் மேல் சாய்ந்து நிற்கும். ஆனால் ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாதே? அதற்காகப் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் வெளி மேடையில் நிற்கிறார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அது பெட்டி பெட்டியாகக் கைமாறி ஓட்டுநருக்கு வந்து சேர்கிறது.

கல்லாறு வரை இது சாதாரண ரயில்தான். அங்கிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குள் 1,300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சில இடங்களில் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயரம். எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் இந்தச் சரிவை ஏறுவது எண்ணெய் தடவிய வழுக்குமரத்தில் ஏறுவது போலத்தான்; சக்கரம் சுழலும், வண்டி நகராது.

எனவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரண்டு சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடிவயிற்றில் உள்ள பல்சக்கரங்கள் அவற்றைக் கவ்வி ஏறுகின்றன. சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் 1882-இல் காப்புரிமை பெற்ற முறை இது. ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேரே மற்றதில் பள்ளம் வருமாறு அரைப்பல் தள்ளி வைத்ததில்தான் அவருடைய மூளை இருக்கிறது. பனையேறுபவரைப் பாருங்கள்: கை மேலே போகும்போது கால் பிடித்திருக்கும், கால் நகரும்போது கை பிடித்திருக்கும். அதுபோல ஒரு பல் விடுபடும் நேரத்தில் பக்கத்துச் சட்டத்தின் பல் கவ்வியிருக்கும். பிடி அறுவதே இல்லை, குலுக்கலும் குறைவு.

கல்லாறைத் தாண்டியதும் வேகம் தவழும் அளவுக்குக் குறைந்தது. சட்டத்தின் முதல் துண்டு ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருக்கும். பல்லும் பல்லும் முட்டிக்கொண்டால் அது அமுங்கிக் கொடுத்து, பொருத்தம் கிடைத்ததும் எழும்பிக் கவ்வும். அதன்பின் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்தான். தார்ஜிலிங் ரயில் பல்சட்டமே இல்லாமல் சுற்றிச் சுற்றியும் முன்னும் பின்னும் போயும் ஏறிவிடுகிறது. நம்முடையது பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும் ரகம்.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது எஞ்சினின் பக்கவாட்டை நண்பனுக்குக் காட்டினேன். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சிலிண்டர்கள். மறுபக்கமும் அப்படியே. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த எக்ஸ் வகை எஞ்சின் இது. ஓர் உடலுக்குள் இரண்டு எஞ்சின் என்றே சொல்லலாம். கொதிகலனின் புது நீராவி கீழ் சிலிண்டர்களுக்குப் போய் வழக்கமான சக்கரங்களை ஓட்டுகிறது. சமதரையில் அதோடு வேலை முடிந்தது. நீராவி புகைபோக்கி வழியே வெளியேறும். மலையிலோ அதே நீராவியை மேல் சிலிண்டர்களுக்கு அனுப்பிப் பல்சக்கரங்களைச் சுற்ற வைக்கிறார்கள். முதல் கஷாயம் இறக்கிய தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றும் சிக்கனம்தான்.

1899-இல் ரயில் குன்னூரை எட்டியது; ஊட்டிக்கு 1908-இல்தான் போனது. குன்னூருக்கு மேல் பல்சட்டம் கிடையாது. நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். 2005-இல் யுனெஸ்கோ இந்த ரயில் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. குன்னூரில் நாங்கள் பார்த்தது சிம்ஸ் பூங்காவும் இரண்டு டீக்கடைகளும். அதற்கே நேரம் சரியாகிவிட்டது.

திரும்பும் வண்டியில் எஞ்சின் முன்னால், அதாவது அப்போதும் பள்ளத்துப் பக்கம். மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். இறக்கத்தில் நீராவி தள்ள வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் காற்றை அமுக்கவைத்து, அந்த எதிர்ப்பாலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார்கள். பெட்டிகளிலும் தண்டவாளச் சக்கரத்துக்கு ஒன்று, பல்சட்டத்துக்கு ஒன்று எனத் தனித்தனிக் கை பிரேக்குகள். எங்கள் பெட்டியின் பிரேக்ஸ்மேன் வளைவுக்கு வளைவு அவற்றை முறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தார். ஒரு முறைகூட உட்காரவில்லை.

மற்ற மூவரும் தூங்கிவிட்டார்கள். கல்லாறில் பல்சட்டம் முடிந்ததும், மலை நெடுகக் கேட்டுவந்த கடகடப்பு சட்டென்று நின்றது. அந்த அமைதியில்தான் அவர்கள் விழித்துக்கொண்டார்கள்.