சிக்னல் கிடைக்குதா? – 9: தந்திக்குப் பின்னும் வாழ்ந்த தந்திச் சட்டம்

ஆப் கம்பெனிகள் நம்மைப் பற்றி என்னென்ன சேர்த்து வைத்திருக்கின்றன என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்த இடத்தில் ஒரு சட்டத்தின் வருடம் கண்ணில் பட்டது. அதைத் தாண்டி நகர முடியவில்லை. ஆகவே கம்பெனிகள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அந்த வருடம் 1885. இந்தியத் தந்திச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவருக்கு 1885 என்றதும் அடுத்த வருடம் தானாக ஞாபகம் வரும். 1886 அக்டோபர் 29 அன்றுதான் திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே பெரியாற்றுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 999 ஆண்டுக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடத்துக்கு 5 ரூபாய். அதற்குப் பிறகுதான் பொறியாளர் பென்னிகுவிக் கல்லையும் சுண்ணாம்பையும் மலைக்கு ஏற்றினார். முல்லைப் பெரியாறு அணை முடிந்தது 1895-இல். அதாவது நம் அணையைவிடப் பத்து வயது மூத்தது அந்தச் சட்டம். அணையின் வயதைச் சொல்லி ஊரே வாதாடுகிறது. ஆண்டுதோறும் ஜனவரி 15 அன்று பென்னிகுவிக் பிறந்தநாளுக்குப் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். அணைக்கு மூத்த அந்தச் சட்டம் 2018-இல்கூடத் தென் மாவட்டங்களின் போன்களில் கை வைத்ததை மட்டும் யாரும் பேசுவதில்லை.

தந்தி எப்போது நின்றது என்று நினைவிருக்கிறதா? 2013 ஜூலை 14. அன்று இரவோடு பி.எஸ்.என்.எல். தந்தி வாங்குவதை நிறுத்திக்கொண்டது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தந்தியின் கனம் தெரியும். ‘தந்தி வந்திருக்கு’ என்று தபால்காரர் வாசலில் நின்றாலே உள்ளே அழுகை தொடங்கிவிடும். உறையைப் பிரித்துப் படிக்கும் வாத்தியாரைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதற்குள் பாதித் தெரு கூடிவிடும். மிலிட்டரியில் இருந்த பையனுக்கு லீவு கிடைத்த செய்தியாக இருந்தாலும் அதே கதைதான். அந்தச் சேவை செத்துப்போனது. சேவைக்காக எழுதிய சட்டம் மட்டும் உயிரோடு இருந்தது.

எப்படி? சட்டத்தில் ‘தந்தி’ என்பதற்குக் கொடுத்த விளக்கம் அவ்வளவு அகலமானது. கம்பி வழியாகவோ வானலை வழியாகவோ எழுத்தையும் ஒலியையும் படத்தையும் அனுப்பும் எந்தக் கருவியும் அதற்குள் வரும்படி காலப்போக்கில் திருத்தங்கள் செய்தார்கள். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் ஸ்மார்ட்போன் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தந்திக் கருவியாகவே இருந்தது. ஐந்தாவது பிரிவோ, பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்று சொல்லித் தகவலைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. அதன் கீழ் 2017 ஆகஸ்டில் தொலைத்தொடர்பைத் தற்காலிகமாக நிறுத்தும் விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தது. அவற்றின்படி மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் உத்தரவு போடலாம் என்று இருந்தது. ஐந்து வேலை நாட்களுக்குள் தலைமைச் செயலாளர் தலைமையிலான குழு அதைப் பரிசீலிக்க வேண்டியிருந்தது.

இதே வரிசையில் இன்னொரு சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1933-இல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டம். அதன்படி வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்துக்கொள்ளவே லைசென்ஸ் வேண்டும். போஸ்ட் ஆபீசில் சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். வருடா வருடம் பணம் கட்டி அதில் வில்லை ஒட்டிக்கொள்ள வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது. பாட்டுக் கேட்பதற்குக்கூட அரசின் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது நம் தாத்தாக்களின் தலைமுறைக்கு. அந்தப் புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய பொருள் அது.

இனி 2018-க்கு வருகிறேன். மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் இறந்தார்கள். மறுநாள், மே 23 அன்று, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் 27-ஆம் தேதி வரை இணையத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. சமூக ஊடகத்தில் தூண்டுதல் செய்திகள் பரவுகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். சம்பவம் ஒரு நகரத்தில். நிறுத்தம் மூன்று மாவட்டத்தில். ஆஸ்பத்திரியில் யார் கிடக்கிறார்கள், யாருக்கு என்ன ஆனது என்று சனங்கள் தேடி அலைந்த நாட்கள் அவை. அன்றைக்கு நீண்டது 1885-ஆம் வருடச் சட்டத்தின் கைதான். தந்தி நின்று ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகியிருந்தது.

கம்பத்தில் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் கருத்து ஒரே பக்கமாக விழுவதில்லை. காந்தி சிலைப் பக்கம் டீக்கடையில் பெரியவர்கள் சொல்வது இது: “நிப்பாட்டுனா நல்லதுதாண்ணே. கண்டதையும் பரப்பி விட்டுர்றாய்ங்க.” வாழைத்தார் ஏற்றிவிடும் வியாபாரி அதற்கு உடனே மறுப்புச் சொல்வார்: “நிப்பாட்டுனா கேரளாவுக்குப் போன லோடுக்குக் காசு எப்படிண்ணே வரும்? எல்லாம் ஜிபேல்ல.” டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பெண்ணுக்கு இரண்டும் முக்கியமில்லை. ஹால் டிக்கெட் இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவர்களின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2011 டிசம்பரில் நம் கேரள எல்லை எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் நாம். முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்துக் குமுளிச் சாலை அடைபட்டது. கூடலூரிலும் கம்பத்திலும் இருந்து ஆயிரக்கணக்கானோர் லோயர்கேம்ப் நோக்கி நடந்தார்கள். ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள் காட்டுப் பாதையில் இறங்கி ஊர் திரும்பினார்கள். எல்லைக்கு இரு பக்கமும் வதந்தி பறந்தது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ‘எங்க இருக்க, எந்தப் பாதைல இறங்குற, கூட யாரு வர்றா’ என்று வீட்டிலிருந்து கேட்க முடிந்ததும் அதே போனில்தான். வதந்தியைச் சுமந்த கருவியே ஆளை வீடு சேர்க்கவும் உதவியது. அன்றைக்கு எல்லாவற்றையும் அணைத்திருந்தால் வதந்தி வாய்வழியாக ஓடியிருக்கும். மறுப்புச் செய்தி மட்டும் மலையேறியிருக்காது.

பத்து வருடம் கழித்து, 2021 அக்டோபரில், அணையை இடிக்க வேண்டும் என்று ட்விட்டரில் ஹேஷ்டேக் ஓடியது. மலையாள நடிகர் பிருத்விராஜும் அதில் சேர்ந்துகொள்ள, தேனியில் அவர் உருவ பொம்மையை எரித்தார்கள். இந்த முறை இணையத்தை யாரும் நிறுத்தவில்லை. கேரள முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் எழுந்து, அணையின் பெயரைச் சொல்லிப் பீதி கிளப்புகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுப்போம் என்று பேசினார். பொய்க்கு அரசு வாய் திறந்து பதில் சொன்னது, அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. எனக்கு இதுதான் சரியான வழி என்று படுகிறது.

நிறுத்தினால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதைப் போய்ப் பார்க்க வேண்டும். நறுமணப் பொருள் வாரியத்தின் கூடம். வியாபாரி ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கம்ப்யூட்டர். சாம்பிள் பொட்டலம் மேசைக்கு வரும். பிரித்துக் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஒரு காயை நகத்தால் கீறி உள்ளே விதை கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மறு கை விசைப்பலகையில் இருக்கும். திரையில் விலை ஏறும். 2019 ஆகஸ்டில் மலைக்கு மேலே புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. தங்க விலை பேசுவதுபோல் ஊரெல்லாம் அதையே பேசியது. 2021 முதல் புற்றடியையும் போடியையும் இணையம் வழியாக இணைத்து, இங்கே இருந்தே அங்கே விலை கேட்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. இணையம் ஒரு நாள் நின்றால் பாதிப்பு வியாபாரியோடு நிற்காது. மலையில் காய் எடுக்கும் பெண்ணின் வாரக் கூலி வரைக்கும் இறங்கும்.

அப்படியானால் எந்தச் சூழ்நிலையிலும் நிறுத்தவே கூடாதா? என் வாதம் அது இல்லை. நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அந்த முறையை இந்தப் பள்ளத்தாக்கைவிட நன்றாக அறிந்த ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1 அன்று முதல் போகத்துக்குத் தேக்கடி தலைமதகைத் திறக்கிறார்கள். பூத் தூவுகிற படம் பேப்பரில் வரும். அதற்குமுன் அரசின் செய்திக் குறிப்பு வந்துவிடும். பாசனம் பெறும் நிலம் 14,707 ஏக்கர். அதில் உத்தமபாளையம் வட்டம் 11,807, தேனி வட்டம் 2,412, போடி வட்டம் 488. பாசனத்துக்கு விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100. மொத்தம் 120 நாள். எவ்வளவு, எங்கே, எத்தனை நாள், எதற்காக என்று எல்லாம் அதில் இருக்கும். சின்னமனூரில் நாற்றங்கால் போட்டவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியிடம் கேள்வி கேட்கலாம். கேட்கவும் செய்கிறார்.

இணையத்தை நிறுத்தும் உத்தரவிலும் இதே நான்கும் இருக்க வேண்டும் என்பதுதான் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். காஷ்மீர் டைம்ஸ் ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கு. உத்தரவை வெளியிட வேண்டும், காலவரையில்லாமல் நிறுத்தக் கூடாது, தேவைக்கு மிஞ்சக் கூடாது, பேச்சுரிமையும் தொழில் உரிமையும் இணையத்திலும் உண்டு. இவ்வளவும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பரில் விதியைத் திருத்தி, ஓர் உத்தரவு 15 நாளைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ஆனால் 2021 டிசம்பரில் சசி தரூர் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையில் ஒன்றைப் போட்டு உடைத்தது: நாட்டில் எங்கே, எத்தனை முறை இணையம் நிறுத்தப்பட்டது என்ற பதிவேட்டைத் தொலைத்தொடர்புத் துறையும் வைத்திருக்கவில்லை, உள்துறையும் வைத்திருக்கவில்லை. 488 ஏக்கருக்குக் கணக்கு வைத்திருக்கும் நாடு இது. லட்சக்கணக்கானோரின் போன் நின்றதற்குக் கணக்கு இல்லை.

கிழட்டுச் சட்டத்துக்கு ஒருவழியாக ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 2023-இல் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டம் 2024 ஜூனிலிருந்து படிப்படியாக அதன் இடத்துக்கு வந்தது. அந்த நவம்பரில் நிறுத்தத்துக்கான புதிய விதிகளும் வந்தன. காரணத்தோடு உத்தரவை வெளியிட வேண்டும் என்பது அவற்றில் எழுத்தாகவே இருக்கிறது. அதிகாரம் அப்படியே கைமாறியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எழுத்து நடப்புக்கு வருவது நாம் கேட்பதைப் பொறுத்தது. நாளைக்கே தேனி மாவட்டத்தில் நெட் நின்றால், கஸ்டமர் கேரைத் திட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். உத்தரவு எங்கே, எந்த எல்லைக்கு, எத்தனை நாளைக்கு, என்ன காரணம் என்று கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுங்கள். தண்ணீருக்காக நடந்தே போயும் மனுக் கொடுக்கத் தயங்காத சனம் நாம்.

கம்பெனிகள் பாக்கி இருக்கின்றன. அரசு நிறுத்தினால் கேட்க ஒரு கோர்ட்டும் ஒரு கலெக்டர் ஆபீசும் இருக்கின்றன. வாட்ஸ்அப் 2018-இல் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தியது. நல்ல காரியம்தான். ஆனால் அதை முடிவு செய்தவர்களிடம் மனுக் கொடுக்க எந்த வாசலுக்குப் போவது? 2021-இல் அதே வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியதும், அதற்காகப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டா மீது 213 கோடி ரூபாய் அபராதம் போட்டதும் அடுத்த வாரம். இந்த முறை நிச்சயமாக.

(தொடரும்)