எங்கே உடைகிறது?

2005 மார்ச் 6. கியூபாவின் வரடேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்கு 271 பேருடன் பறந்த ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ310 விமானம், 35,000 அடி உயரத்தில் ஆட்டம் கண்டது. விமானிகள் அதைத் திருப்பி வரடேரோவிலேயே பத்திரமாக இறக்கினார்கள். பார்த்தால், வாலில் இருந்த சுக்கானில் பெரும்பகுதியைக் காணவில்லை.

அந்தச் சுக்கான் தேன்கூட்டுப் பலகையால் ஆனது. வெளியே இரண்டு மெல்லிய தோல்கள். நடுவே பிசினில் தோய்த்த நோமெக்ஸ் தாளால் செய்த அறுகோண அறைகள். தோல்களையும் கூட்டையும் பிணைக்கும் பசை. ஒரு தகட்டை இரு தோல்களாகப் பிரித்து, இடையில் இந்தக் கூட்டை வைத்து மொத்தத் தடிமனை 4 மடங்காக்கினால், அதன் விறைப்பு சுமார் 37 மடங்காகிறது. எடை கூடுவதோ 6 சதவீதம் அளவுக்குத்தான். விமானப் பொறியாளர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

பலகை வளையும்போது ஒரு தோல் இழுபடும், மற்றது அமுங்கும். இரண்டும் நழுவாமல் பிடித்துவைப்பது கூட்டின் வேலை. அதைப் பார்க்கும் வளைவுச் சோதனையில் பலகைத் துண்டை இரு தாங்கிகள்மேல் வைத்து மேலிருந்து அழுத்துவார்கள். தாங்கிகள் நெருங்கியிருந்தால் பெரும்பாலும் கூடு சறுக்கிக் கிழியும். விலகியிருந்தால் தோல் முறியும். அழுத்தும் உருளைக்கு அடியில் ரப்பர் பட்டை இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் நசுங்கி, சோதனையே வீணாகிவிடலாம். தாள் பட்டைகள் ஓடும் திசையில் வெட்டிய துண்டு, குறுக்கே வெட்டியதைவிடச் சறுக்கு விசையை அதிகம் தாங்கும். ஆகவே எந்தத் திசை என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

சோதனைகளில் ஒளிவுமறைவே இல்லாதது இழுப்புச் சோதனை. துண்டின் இரு முகங்களிலும் உலோகக் கட்டைகளை ஒட்டி, எதிரெதிராக இழுப்பார்கள். கூடு கிழிந்தால் பசை தேறிவிட்டது என்று பொருள். தோல் சுத்தமாக உரிந்து வந்தால் ஒட்டுதலில் கோளாறு. தோலைத் தொடுவது அறைச் சுவர்களின் விளிம்பு மட்டுமே. சூட்டில் இளகும் பசை அந்தச் சுவரோரம் சற்றே ஏறி இறுகுகிறது. முழுப் பிடிப்பும் அந்த மெல்லிய பசைக் கரையில்தான்.

ஏர் டிரான்சாட் சுக்கானில் புறப்படும் முன்பே ஒட்டு விட்டிருக்க வேண்டும், அல்லது கூடு பிளந்திருக்க வேண்டும் என்று கனடாவின் விசாரணை வாரியம் முடிவுசெய்தது. அத்தகைய சேதம் கண்ணுக்குத் தெரியாது. அப்போதிருந்த பரிசோதனை முறை எல்லாக் குறைகளையும் காட்டிக்கொடுக்கப் போதவில்லை. உயரே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, அறைகளில் அடைபட்ட காற்று தோலை வெளியே தள்ளுகிறது. ஒட்டு விட்ட இடம் இப்படி ஒவ்வொரு பறப்பிலும் அகலக்கூடும். அதனால் இன்று ஒரு ஓரத்தில் வேண்டுமென்றே ஒட்டாமல் விட்ட துண்டுகளைச் செய்து, அங்கே தோலை மெல்லத் தூக்கி, பிளவு முன்னேற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று அளக்கிறார்கள்.