ஐந்து நிமிடப் பாடமும் ஆத்தங்குடித் தரையும்

கண்டரமாணிக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: "ஐந்து நிமிட அனிமேஷன் பாடம் போனில் சட்டென்று இறங்கிவிடுகிறது. அதே ஐந்து நிமிடம் நான் கரும்பலகை முன் நின்று பேசி எடுத்த வீடியோவை அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன் சார்?"

நொடிக்கு 25 படம் என்றால் ஐந்து நிமிடத்துக்கு 7,500 படம். அத்தனையையும் முழுசாக அனுப்பினால் எந்த நெட்டும் தாங்காது. அதனால் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும்; 2003-இல் வந்த எச்.264 என்ற சுருக்கும் முறையில்தான் இன்றும் ஏராளமான வீடியோக்கள் ஓடுகின்றன. அது ஒவ்வொரு படத்தையும் 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாக வெட்டுகிறது. 1280-க்கு 720 அளவுப் படத்தில் 3,600 கட்டம்.

இந்தக் கட்டங்களை ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டுக் கூடத்துத் தரையாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் கொத்தனாரிடம் தரை முழுவதையும் சொல்லியாக வேண்டும்: இங்கே பூ, ஓரத்தில் கரை, நடுவில் சிவப்பு. மறுநாள் போனில், "நேற்றுப் பதித்தது அப்படியே இருக்கட்டும், மூன்றாம் வரிசைப் பூக்கல்லை மட்டும் வலப்பக்கம் ரெண்டு கல் தள்ளி வையுங்க" என்றால் போதும். வீடியோவும் முழுத்தரையை ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு மாற்றத்தை மட்டும் சொல்கிறது. அனிமேஷனில் வானம் ஒரே நீலம், நகர்வது ஓர் உருண்டை மட்டும். கொத்தனார் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உங்கள் வீடியோவிலோ போன் பிடித்த கை நடுங்குகிறது, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் ஆடுகிறது, மங்கல் வெளிச்சத்தில் கேமரா தன் பங்குக்குப் புள்ளிகளைத் தூவுகிறது. நொடிக்கு 25 தடவை பெயர்த்துப் பதிக்கச் சொன்னால் எந்தக் கொத்தனார் வருவார்? போதாக்குறைக்கு, ஸ்டுடியோவில் நிதானமாகச் செய்யும் சுருக்கத்தைப் போன் எடுக்கும்போதே அவசரமாகச் செய்கிறது. நடுவில் கொத்தனாருக்குச் சொல்லும் ஓர் அழைப்பு தவறினால் அதற்குப் பின் பதித்ததெல்லாம் கோணல். வீடியோவில் முகம் கட்டம் கட்டமாகச் சிதைந்து நிற்குமே, அது இதனால்தான். அதற்காகவும்தான் சில நொடிக்கொரு தடவை முழுத்தரையும் மறுபடி சொல்லப்படுகிறது.

பாடத்தைப் படமாகக் காட்டும் ஆசை புதிதல்ல: பள்ளிப் புத்தகத்துக்கு இனி வேலையில்லை, சினிமா போதும் என்று எடிசன் 1913-லேயே சொல்லிவிட்டார். தமிழ்நாடு அரசும் பாடங்களைக் காட்ட 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் மணற்கேணி செயலி என்று கொண்டுவந்தது. புத்தகப் பை இன்னும் குறைந்தபாடில்லை.

ஆனால் போனில் லேசாக இறங்கும் பாடமெல்லாம் லேசாகப் புரிந்துவிடாது. பார்க்கும் பிள்ளையின் தலைக்குள், முந்தைய தரையை மறக்காமல் வைத்திருக்கும் கொத்தனார் இல்லை. அடுத்த காட்சி வந்ததும் முந்தையது நழுவும். மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் 140 நொடி அனிமேஷனை கல்வி ஆய்வாளர்கள் ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் 16 துண்டாக்கினார்கள். பட்டனை அழுத்தினால்தான் அடுத்த துண்டு. படமும் குரலும் மாறவில்லை. புரிந்ததைப் புதுக் கேள்வியில் பயன்படுத்தச் சொன்னபோது, துண்டு துண்டாகப் பார்த்தவர்கள் ஒரே மூச்சில் பார்த்தவர்களை முந்தினார்கள். இது 2001-இல் வெளியான ஆய்வு. 'பார்த்தாலே மனதில் பதியும்' என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆகவே டீச்சர், போனை எதிலாவது சாய்த்து அசையாமல் வையுங்கள். முகத்தில் நல்ல வெளிச்சம் விழட்டும், பின்னால் வெறும் சுவர் போதும். அனிமேஷன் போடும் நாளில் பத்து நொடிக்கொரு தடவை நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.