ஏற்றினால் காசு, இறக்கினால்?

மின்கம்பத்திலும் காம்பவுண்டுச் சுவரிலும் 'செப்டிக் டேங்க் கிளீனிங்' என்ற எழுத்தும் ஒரு செல்போன் எண்ணும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் பல்லாண்டுகளாக மலக்கசடை அள்ளிப்போவது அந்த எண்ணுக்குரியவர்தான். பழைய சேசிஸ் ஒன்றை வாங்கி, மேலே டேங்கும் வேக்குவம் பம்பும் ஏற்றி, தவணை கட்டிக்கொண்டே லாரி ஓட்டுகிறவர். இந்தத் தொழிலில் தனியாரை எப்படி ஈடுபடுத்தலாம் என்று அதிகாரிகள் கூடிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அவர்களின் கணக்கைப் பாருங்கள். வீட்டுக்காரர் நடைக்கு இவ்வளவு என்று பேரம் பேசிக் கொடுக்கும் பணம், தன் தொட்டி காலியாவதற்கு. அள்ளியது எங்கே போனது என்று அவர் கேட்பதில்லை. சுத்திகரிப்பு நிலையம் தொலைவில் இருந்தால் டீசல், காத்திருப்பு, இறக்குவதற்கான கட்டணம் எல்லாம் லாரிக்காரர் தலையில். இருட்டிய பிறகு ஏரிக்கரையிலோ ஓடையிலோ திறந்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம். அந்த நேரத்தில் இன்னொரு நடையும் போகலாம். இதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, கூட்டிக் கழிக்கத் தெரிந்தால் போதும்.

கழிவுத்தொட்டிக் கசடுக்கான வழிகாட்டு நெறிமுறையைத் தமிழக அரசு 2014-இல் கொண்டுவந்தது. 2017-இல் கருங்குழி பேரூராட்சியில் கசடுக்கென்றே தனிச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. பின்னர் 2022-இல் சட்டத்தைத் திருத்தி லாரிகளுக்கு உரிமம், அபராதம் என்றெல்லாம் கட்டுப்பாடு போட்டார்கள். இவை எல்லாவற்றையும்விடத் திருச்சி மாநகராட்சி செய்த எளிய காரியத்தையே உயர்வாகச் சொல்வேன். நகருக்குள்ளேயே இருக்கும் கழிவுநீர் உந்து நிலையங்களில் லாரிகள் கசடை இறக்க இடம் கொடுத்தார்கள். தூரம் குறைந்தால் ஓடைப் பக்கம் வண்டியைத் திருப்பும் ஆசையும் குறையும். ஜிபிஎஸ் கருவியையும் லாரியில் மாட்டலாம். ஆனால் வண்டி எங்கே நின்றது என்று திரையைப் பார்க்க ஆள் வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டத்து வாய் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள சிறிய ஊர். 2018-இல் தொடங்கிய திட்டத்தின்படி, தொட்டி நிரம்பி வழியும்வரை யாரும் காத்திருக்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் முறைவைத்து லாரி வந்துவிடும். வீட்டுவாசலில் காசு வாங்குவதில்லை. நகராட்சி சுகாதார வரியாக வசூலித்து, செய்த வேலையைச் சரிபார்த்து ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறது. வீட்டில் அள்ளியது நிலையத்தில் போய் இறங்கியதா என்று கேட்கும் உரிமை, காசு கொடுப்பவர் என்ற முறையில் நகராட்சிக்கு வந்துவிட்டது.

இன்னொரு லாபமும் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டு திறக்காத தொட்டியில் கசடு அடியில் இறுகிக் கிடக்கும், குழாய் உறிஞ்சாது. அப்போதுதான் ஆளை உள்ளே இறக்கும் பேச்சு எழுகிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தும் விஷவாயுச் சாவுகள் நின்றபாடில்லை. காலத்தில் அள்ளினால் கசடு இளக்கமாக இருக்கும், வேலை குழாயோடு முடியும்.

வாய் முறையை அப்படியே இங்கே கொண்டுவருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே ஊர் முழுவதும் ஒரே ஒப்பந்தம். டெண்டரில் முன்வைப்புத் தொகை, முன் அனுபவம், பல வண்டிகள் என்று கேட்டால் ஒற்றை லாரி வைத்திருப்பவர் வாசலிலேயே நின்றுவிடுவார். பெரிய நிறுவனம் உள்ளே வரும். இத்தனை ஆண்டு அள்ளியவர் அதனிடமே டிரைவராகச் சேர வேண்டியிருக்கும், அல்லது உரிமமில்லாமல் ராத்திரியில் ஓட்டுவார். ஊரை வார்டுவாரியாகப் பிரித்து, லாரி உரிமையாளர் சங்கங்களே டெண்டர் போடும்படி விதியை எழுதலாம். பணத்தில் பாதியை அள்ளியதும், மீதியை நிலையத்து ரசீதைக் காட்டியதும் கொடுக்கலாம். தவணை கட்டுகிறவருக்கு அந்தப் பணம் மாதாமாதம் தேதி தவறாமல் வர வேண்டும். பில்லை ஆறு மாதம் கிடப்பில் போடும் நகராட்சியை நம்பி எந்த லாரிக்காரரும் ஓடைப் பாதையை விடமாட்டார்.